பல் முளைக்கும் பாப்பாவுக்கு உரைமருந்து, வசம்பு, மாசிக்காய்: கொடுக்கலாமா?

யாழினிஅம்மா | இரவு 11.52

பாப்பாவுக்கு ஏழு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஒரு வாரமாக ஜொள்ளு நிற்கவே இல்லை. ஒரு நாளைக்கு ஆறு பிப் மாற்றுகிறேன், மோவாயெல்லாம் சிவந்து கிடக்கிறது. தோளில் போட்டால் தோளைக் கடிக்கிறாள், மடியில் போட்டால் என் தாலிக்கயிற்றைக் கடிக்கிறாள். கீழ் ஈறு தடித்திருக்கிறது, தொட விடுவதில்லை. ராத்திரி ஒன்றரைக்கு எழுந்தால் நாலு மணி வரைக்கும் அழுகை. நடுநடுவே காதை வேறு பிடித்து இழுத்துக்கொள்கிறாள்.

அத்தை (மாமியார்) உசிலம்பட்டியிலிருந்து வந்திருக்கிறார். பல் முளைக்கிற நேரத்தில் மாந்தம் (செரிக்காமல் வயிறு கெடுவது) வரும், உரைமருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்கிறார். சுக்கு, வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய், பெருங்காயம் எல்லாம் சேர்ந்தது. காலையும் மாலையும் தாய்ப்பாலில் கலந்து பாலாடையில் ஊற்றுகிறார். இது போக மாசிக்காயைத் தேனில் குழைத்து ஈறில் தடவல். கையில் வசம்பு வளையல்.

இது மூன்றாவது நாள். இன்று காலை மருந்து கொடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். அப்புறம் நாலு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். "பார்த்தியா, மருந்து வேலை செய்யுது" என்றார் அத்தை. எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது.

என் வீட்டுக்காரரும் இதே மருந்தைக் குடித்து வளர்ந்தவர்தான். சண்டை போட எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் தெளிவாகச் சொல்லுங்கள்.

சரஸ்வதிபாட்டி | இரவு 12.05

கண்ணு, பயப்படாதே. என் கையால் ஐந்து பேரப்பிள்ளைகளுக்கு உரைமருந்து ஊற்றியிருக்கிறேன், ஐந்தும் கல்லு மாதிரி இருக்கின்றன. உன் அத்தை தப்பாக ஒன்றும் செய்யவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் போனைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்.

குட்டீஸ்_டாக்டர் | இரவு 12.14

குழந்தை மருத்துவர், அரசு மருத்துவமனையில் பணி. விவாதம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் போடுங்கள்: இப்போது தொட்டு எழுப்பினால் முழித்துப் பார்க்கிறாளா? பால் குடித்தாளா? கடைசியாக எப்போது சிறுநீர் போனாள்? உதடு, நகம் நிறம் எப்படி இருக்கிறது?

யாழினிஅம்மா | இரவு 12.21

முழித்துதான் இருக்கிறாள், என் கண்ணாடியைப் பிடுங்குகிறாள். ஒன்பதரைக்கு நன்றாகப் பால் குடித்தாள். இப்போதுதான் துணி மாற்றினேன், நனைந்திருந்தது. உதடு எப்போதும் போல.

குட்டீஸ்_டாக்டர் | இரவு 12.40

சரி, மூச்சு விடலாம். மறுபடி வாந்தி எடுத்தாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ காலை வரை காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்றோடு நிறுத்த வேண்டியது தேன். வசம்பைப் பற்றி வாதாடலாம், தேனில் வாதத்துக்கே இடமில்லை. ஒரு வயதுக்குள் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்யூலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். பெரியவர்கள் குடலில் அவை முளைக்காமலே வெளியேறிவிடும். பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகுரல் மெலியும், பால் சப்பும் வேகம் குறையும், இமை தொங்கும், கழுத்து நிற்காது. அம்மாக்கள் "பிள்ளை சமத்தாயிடுச்சு" என்று நினைக்கும் கட்டம் அது. மலைத்தேன், கொம்புத்தேன், காய்ச்சிய தேன் எல்லாமே ஒன்றுதான். வீட்டு அடுப்பின் கொதி அந்த விதைகளைக் கொல்லாது.

அத்தையிடம் "டாக்டர் தேன் மட்டும் வேண்டாமென்றார்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுத்தால் எதையும் கேட்க மாட்டார்கள். இருபது வருட அனுபவம்.

கொடைரோடு | காலை 6.10

பொண்ணு பிறந்தபோது எங்கள் வீட்டில் சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு) தொட்டு வைத்ததே தேனில்தான். இப்போது படித்தால் பகீர் என்கிறது. (பொண்ணு கல்லூரி முடித்துவிட்டாள், அது வேறு விஷயம்.)

சித்தமருத்துவன்_தம்பி | காலை 7.32

நான் சித்த மருத்துவம் படித்தவன். என் துறையை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், ஆனால் மூடி மறைக்கவும் மாட்டேன்.

வசம்பு அதிகமானால் வாந்தி வரும். இதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டு ஆராய்ச்சி தேவையில்லை, வாந்தி எடுக்க வைப்பதற்கே அதைக் கூடுதல் அளவில் கொடுப்பதுண்டு. அதனால்தான் பாட்டிகள் அதைப் பச்சையாகக் கொடுப்பதில்லை. விளக்கெண்ணெய் விளக்கின் சுடரில் காட்டிக் கரியாகச் சுட்டு, அந்தக் கரியைத்தான் இழைப்பார்கள். ஜாதிக்காய் தூக்கம் கொடுக்கும். கொஞ்சம் கூடினால் வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், பெரியவர்களுக்கே மனம் தடுமாறும். ஏழு மாதக் குழந்தை நாலு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினால் "மருந்து வேலை செய்யுது" என்ற பேச்சு ஒரு வகையில் உண்மைதான். வலி போய்த் தூங்கினாளா, மயக்கத்தில் தூங்கினாளா என்பதுதான் கேள்வி.

யாழினிஅம்மா, ஒன்று கேட்கிறேன். உங்கள் அத்தை கல்லில் இழைத்துக் கொடுக்கிறாரா, பொடியாகக் கலக்குகிறாரா?

யாழினிஅம்மா | காலை 8.05

பொடி அண்ணா. உரைகல் ஊரிலேயே தங்கிவிட்டது. பஸ் ஏறும் அவசரத்தில் மறந்துவிட்டாராம். அதனால் இங்கே ஒரு கடையில் 'உரைமருந்துப் பொடி' என்று சின்ன பாட்டிலில் வாங்கினோம். அரை டீஸ்பூன் கலக்கிறார். பாட்டிலில் அளவு எதுவும் போடவில்லை.

சரஸ்வதிபாட்டி | காலை 8.11

அடி ஆத்தே! அரை ஸ்பூனா?

சரஸ்வதிபாட்டி | காலை 8.26

கை நடுக்கத்தில் பாதியிலே அனுப்பிவிட்டேன். கண்ணு, நான் நேற்று சொன்னது கல்லில் இழைக்கிற மருந்து. சந்தனக்கல்லில் ரெண்டு சொட்டு தாய்ப்பால் விட்டு, ஒவ்வொரு காயையும் ஒரு சுற்று, ரெண்டு சுற்று. அவ்வளவுதான். பால் லேசாகப் பழுப்பு நிறம் ஆகும், அதற்கு மேல் போனால் என் மாமியார் கையைத் தட்டிவிடுவார். அதுவும் தலைக்கு ஊற்றுகிற நாளில் மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை. காலையும் மாலையும் யார் கொடுத்தார்கள்? ஒரு ஜாதிக்காய் என் மூத்த பேரனுக்கு வாங்கியது, கடைசிப் பேத்தி வரைக்கும் வந்தது. இன்னும் பாதி டப்பாவில் கிடக்கிறது.

தராசு | காலை 10.48

எனக்கு நகைப்பட்டறை. மில்லிகிராம் காட்டுகிற தராசு கையில் இருக்கும்போது சும்மா இருக்க மனசு வரவில்லை. வீட்டிலிருந்து ஒரு ஜாதிக்காயை எடுத்து வந்து நிறுத்தேன். சந்தனக்கல்லில் நாலு சுற்று இழைத்தேன். ஈரம் காயட்டும் என்று ஃபேனுக்கு அடியில் வைத்து மறுபடி நிறுத்தேன். தராசில் கடைசி இலக்கங்கள்தான் அசைந்தன. அடுத்து, மிளகாய்ப்பொடி ஸ்பூன் இல்லை, மருந்து பாட்டிலோடு வரும் ஸ்பூன், அதில் அரை ஸ்பூன் சுக்குப்பொடி: ஒரு கிராமைத் தாண்டிவிட்டது.

கல் என்பது நம் ஆட்கள் வைத்திருந்த அளவுகோல். ஒரு சிட்டிகை, ஒரு சுற்று, அதற்கு மேல் இழைக்கக் கையும் வலிக்கும். பொடியில் அந்தத் தடை கிடையாது.

கொடைரோடு | காலை 11.02

இந்த ஒரு பதிவுக்காகவே இந்தக் குழுவில் இருக்கலாம் தராசு.

குட்டீஸ்_டாக்டர் | பிற்பகல் 2.15

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். தராசு சொன்னதுதான் விஷயமே. எங்கள் வார்டில் உரைமருந்து என்று சொல்லி வந்த வாந்தி, மயக்கக் கேஸ்களில் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: எவ்வளவு, எத்தனை நாள், யார் அரைத்தது?

வசம்பு பற்றி இன்னொன்று. அதில் பீட்டா ஆசரோன் என்று ஒரு வேதிப்பொருள் உண்டு, நம் நாட்டு வசம்பில் அது கூடுதல். எலிகளுக்கு வசம்பு எண்ணெயை நீண்ட நாள் கொடுத்துப் பார்த்ததில் குடலில் கட்டிகள் வந்தன. அமெரிக்காவில் 1968-இலேயே வசம்பை உணவுப் பொருள்களில் சேர்க்கத் தடை போட்டார்கள். எலிக்கு வந்தது குழந்தைக்கும் வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "இயற்கையானது, தினமும் கொடுத்தாலும் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சுக்கு மட்டும் பதில்.

சித்தமருத்துவன் தம்பி இழைத்தால் சரி என்பார். நான் அதையும் வேண்டாம் என்பேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகும் பல்லுக்கென்று உள்ளே கொடுக்க மருந்தே தேவையில்லை. கல்லை யார் கழுவினார்கள், காயில் பூஞ்சை பிடித்திருக்கிறதா, அதையெல்லாம் யார் பார்ப்பது? பல் முளைக்கும் வயதில் வருகிற வயிற்றுப்போக்கு பல நேரம் கைச்சுத்தம் இல்லாததில்தான் ஆரம்பிக்கிறது.

சித்தமருத்துவன்_தம்பி | பிற்பகல் 3.40

அதில் நமக்குள் சண்டை உண்டு டாக்டர், இன்று வேண்டாம். பொடி விஷயத்தில் ஒரே கட்சி. அந்த பாட்டிலில் சேர்மானம், உற்பத்தி உரிம எண், தயாரித்த தேதி, அளவு எதுவும் இல்லையென்றால் அதைச் சித்த மருந்து என்று நானே ஏற்க மாட்டேன். வசம்பைச் சுட்டு அரைத்தார்களா, பச்சையாக அரைத்தார்களா என்று பொடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. சித்த மருந்துதான் வேண்டும் என்று நினைப்பவர்கள் அரசு சித்த மருத்துவப் பிரிவுக்கோ தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள்.

பழைய_பேப்பர் | மாலை 5.20

எல்லோரும் பாட்டிகளையே பிடித்து உலுக்குகிறீர்களே, இங்கிலீஷ் மருந்து மட்டும் என்ன யோக்கியம்?

இங்கிலாந்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்றே டீத்திங் பவுடர் விற்றார்கள். உள்ளே இருந்தது கேலமல், அதாவது பாதரச உப்பு. கை கால் சிவந்து, தோல் உரிந்து, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே கிடந்த குழந்தைகளுக்கு 'பிங்க் நோய்' என்று பெயர் வைத்துவிட்டு, காரணம் தெரியாமல் பல வருடம் விழித்தார்கள். 1954 வாக்கில் பவுடரிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள், நோயும் காணாமல் போனது. அமெரிக்காவில் 1849-இல் வந்த மிஸஸ் வின்ஸ்லோவின் சூதிங் சிரப் இன்னும் மோசம், அதில் மார்ஃபின். பல் வலிக்குக் கொடுத்தால் குழந்தை தூங்கும், சில குழந்தைகள் எழவே இல்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1911-இல் அதைக் 'குழந்தைக் கொல்லிகள்' பட்டியலில் போட்டது. அதற்குப் பிறகும் பல வருடம் விற்றார்கள்.

பழங்கதை என்பீர்கள். 2008-இல் நைஜீரியாவில் 'மை பிகின்' என்ற பல் முளைக்கும் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு ரசாயனம் கலந்து 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்து போனது. அது மூலிகை இல்லை ஐயா, பாராசிட்டமால் சிரப்.

சரஸ்வதிபாட்டி | மாலை 5.31

நல்லா கேட்டீங்க தம்பி.

பார்மசி_ராஜா | இரவு 8.05

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன், பழைய பேப்பர் சொல்வதை மறுக்க மாட்டேன். கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

தினமும் ஒருவராவது "பல் முளைக்குது, ஈறில் தடவ ஜெல் கொடுங்க" என்று வருவார். மரத்துப்போகச் செய்யும் ஜெல் பல வகை. பென்சோகெயின் உள்ளதை இரண்டு வயதுக்குள் தொடவே கூடாது. ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய் உதடு நீலமாகிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2011-இலும் எச்சரித்தது, 2018-இல் பல்லுக்கென்று விற்பதையே நிறுத்தச் சொன்னது. லிக்னோகெயின் திரவத்துக்கு 2014-இல் எச்சரிக்கை, குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். வாய்ப்புண்ணுக்குப் பெரியவர்கள் தடவும் கோலின் சாலிசிலேட் ஜெல் ஆஸ்பிரின் குடும்பம். பிரிட்டனில் 2009-இல் பதினாறு வயதுக்குள் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் மாமா வாங்கி வைத்த ட்யூபை எடுத்து மருமகள் குழந்தைக்குத் தடவுகிறார்.

கிராம்பு எண்ணெய் கேட்டு வருபவர்களும் உண்டு. பெரியவர்களின் சொத்தைப்பல்லுக்குப் பஞ்சில் ஒரு துளி சரி. குழந்தை ஈறில் தடவினால் புண்ணாகும். பாட்டில் கைக்கு எட்டி, ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனால் ஈரல் கெடும், வலிப்பு வரும். மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போன் பேசாதீர்கள். கற்பூரத் தைலமும் அப்படித்தான்.

அப்புறம் பாராசிட்டமால். சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லியில்தான் 120 அல்லது 125, சிலதில் 250. சிரப் அளவை நினைவில் வைத்துக்கொண்டு சொட்டு மருந்தை ஐந்து மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர் மாத்திரை ஒன்று முழுசாக உள்ளே போன கணக்கு. எடைக்குத் தக்க அளவை டாக்டரிடம் எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

கொடைரோடு | இரவு 8.40

அப்போ ஹோமியோபதிக் கடையில் தருகிற அந்த வெள்ளை உருண்டை? பயோகாம்பினேஷன் 21 என்பார்களே. பக்கத்து வீட்டில் மிட்டாய் மாதிரி கொடுக்கிறார்கள்.

டொராண்டோ_வதனி | இரவு 9.55

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவில். கொடைரோடு அண்ணா கேட்டதுக்குக் கிட்ட ஒரு விஷயம் எனக்குத் தெரியும்.

இங்கால பல்லு முளைக்கிற பிள்ளையளுக்கு ஹோமியோபதி குளிசை (மாத்திரை) வித்தவை. அதில் பெலடோனா, நஞ்சுச் செடி. 'நீர்த்து நீர்த்து ஒண்டுமே மிஞ்சாது' எண்டுதான் எல்லாரும் சொன்னது. 2010-இல் எஃப்.டி.ஏ. எச்சரித்துத் திருப்பி எடுக்க வைத்தது. 2016-இல் மறுபடியும் எச்சரிக்கை. 2017-இல் குளிசைகளைப் பரிசோதித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு, சிலதில் லேபிளில் போட்டதைவிடக் கனக்க. ஒன்றில் ஒன்றுமில்லை, மற்றதில் அதிகம் என்றால் தாய் எதை நம்பிக் கொடுக்கிறது?

நீங்கள் சொல்லும் 21-இல் பெலடோனா இல்லை. கல்கேரியா பாஸ், பெரம் பாஸ் என்ற இரண்டு உப்பும் லாக்டோஸ் சீனியும்தான். அதால பல்லு வலி குறையும் என்று நான் நம்பேல்லை, அது வேறு கதை.

இங்க இன்னொரு பைத்தியம், அம்பர் மணி (கல்லாகிப்போன மரப்பிசின்) மாலை. பிள்ளையின் கழுத்தில் போட்டால் மணியிலிருந்து எண்ணெய் வந்து வலி போகுமாம். மாலை இறுகி ஒரு பிள்ளை இறந்த பிறகு 2018-இல் எஃப்.டி.ஏ. இந்த மாலைகள் வேண்டாம் என்றது. யாழினிஅம்மா, உங்கட வசம்பு வளையலை வாசிக்கேக்க அதுதான் ஞாபகம் வந்தது.

யாழினிஅம்மா | இரவு 10.30

வதனி அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். சில நாளாக அவள் வாயில் ஊறிய வளையல். எட்டு வசம்புத் துண்டுகளில் இரண்டு ஓரம் நைந்து நார் நாராக இருக்கிறது. கோத்த நூல் ஒரு இடத்தில் இழையிழையாகப் பிரிந்துவிட்டது. லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் ஏழு துண்டுதான். எட்டாவது தொட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது கிடைக்கும் வரை எனக்கு உயிர் இல்லை.

தேனை நிறுத்தியாயிற்று. பொடி பாட்டிலும் பரணில். "அரை ஸ்பூன் அளவு அதிகம் அத்தை, ஊரில் நீங்கள் ஒரு சுற்றுதானே இழைப்பீர்கள்" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்லுன்னா எனக்குத் தெரியும், பொடி எனக்கு என்ன தெரியும்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மகனிடம் மட்டும் பேசுகிறார்.

இன்று வாந்தி இல்லை. அழுகை மட்டும் அப்படியே.

கொடைரோடு | இரவு 10.44

பேச்சுவார்த்தை ரெண்டு நாளில் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் உச்சபட்ச சாதனை பதினோரு நாள்.

கடிக்க ஏதாவது கொடுத்தீர்களா? எங்கள் அம்மாச்சி வேகவைத்த முருங்கைக்காயின் சதையைச் சுரண்டிவிட்டு அந்தச் சக்கையைக் கொடுக்கும். அப்புறம் மரப்பாச்சி. செம்மரத்தில் செய்தது, பிள்ளை சப்பினால் நல்லது என்று வைத்திருந்தார்கள். இப்போது கடையில் சாயம் பூசி விற்கிறார்கள், அதை நம்பி வாயில் விடாதீர்கள்.

குட்டீஸ்_டாக்டர் | இரவு 11.20

முருங்கைக்காய்ச் சக்கை வேண்டாம், நார் தொண்டையில் மாட்டும். பச்சைக் கேரட்டும் அப்படித்தான், ஒரு பல் வந்துவிட்டால் துண்டு கடித்து எடுத்துவிடும். சுத்தமான வெள்ளைத்துணியை நனைத்து, முறுக்கி, ஃப்ரிட்ஜில் வைத்துக் கொடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், கல்லாக உறைந்தது ஈறைப் புண்ணாக்கும். உங்கள் விரலை நன்றாகக் கழுவி ஈறை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். அத்தையையே செய்யச் சொல்லுங்கள், அவர் கைப்பக்குவம் உங்களுக்கு வராது. மோவாய்க்குத் தேங்காய் எண்ணெய் போதும். இவ்வளவும் செய்தாலும் கொஞ்சம் அழத்தான் செய்வாள். இரண்டு மூன்று நாள் வரும், போகும், அடுத்த பல்லுக்கு மறுபடி வரும். மொத்தம் இருபது பால்பற்கள், முடிய இரண்டரை வயது, மூன்று வயது ஆகும். இருபது பல்லுக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா?

காய்ச்சலை மட்டும் பல் கணக்கில் எழுதாதீர்கள். உடம்பு லேசாகக் கதகதப்பாக இருக்கலாம், 100.4-ஐத் தாண்டினால் அது பல் இல்லை. ஆறு மாதத்தில் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குறைகிறது. அதே நேரத்தில் பிள்ளை தவழ்கிறது, கண்டதை வாயில் வைக்கிறது, திட உணவு ஆரம்பிக்கிறது, பல்லும் வருகிறது. பழி மட்டும் பல்லின் மேல் விழுகிறது. 1839-இல் இங்கிலாந்து, வேல்ஸ் மரணப் பதிவேட்டில் ஐயாயிரத்துச் சொச்சம் குழந்தைகளின் சாவுக்குக் காரணம் 'பல் முளைத்தல்' என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கெல்லாம் உண்மையில் என்ன நோய் என்று யாரும் தேடவே இல்லை.

காதை இழுக்கிறாள் என்று முதல் பதிவில் சொன்னீர்கள். அதை மறக்கவில்லை. ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

*(மூன்று நாள் கழித்து)*

யாழினிஅம்மா | காலை 9.15

நேற்று முன்தினம் ராத்திரி 101.6 காய்ச்சல். அத்தை (இப்போது பேசுகிறார்) "பல் காய்ச்சல், ரெண்டு நாளில் இறங்கும்" என்றார். என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். டாக்டர் சொன்ன அந்த 100.4 மட்டும் மனதில் நின்றதால் காலையிலேயே தூக்கிக்கொண்டு ஓடினோம். வலது காதில் தொற்று. செவிப்பறை சிவந்து உப்பியிருக்கிறதாம். எடை பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார்கள். நேற்று ராத்திரி ஒரு தடவைதான் எழுந்தாள்.

ஜொள்ளும் கடியும் பல்லுக்கு, ராத்திரி அழுகை காதுக்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பொடி கொடுத்த மூன்று நாளும் நன்றாகத் தூங்கியிருந்தால் இன்னும் எத்தனை நாள் கொடுத்திருப்போமோ.

சரஸ்வதிபாட்டி | காலை 9.40

நல்ல வேளை கண்ணு. என் ரெண்டாவது பேரனுக்குச் சின்ன வயதில் அடிக்கடி காதில் சீழ் வடியும். பல் மாந்தம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். உன் பதிவைப் படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

*(பதினாறு நாள் கழித்து)*

யாழினிஅம்மா | மாலை 4.50

இன்று எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார் அத்தை. 'டிக்' என்று ஒரு சத்தம். மறுபடி வைத்தார், மறுபடி 'டிக்'. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு "ஏய், இங்க வா" என்று கத்தினார், நான் என்னவோ ஏதோ என்று ஓடினேன். கீழே நடுவில், அரிசி முனை அளவுக்கு ஒன்று. ஊருக்கெல்லாம் போன் போட்டாயிற்று.

டொராண்டோ_வதனி | இரவு 8.10

ஐயோ வாழ்த்துக்கள்! எங்கட ஊரில் எண்டால் இண்டைக்குப் பல்லுக்கொழுக்கட்டை. அரிசிமாவில் கொழுக்கட்டை பிடித்து, விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லு மாதிரிக் குத்தி அவிக்கிறது. பிள்ளையைப் பாயில் இருத்தி, தலையில் ஒரு துணியை விரித்து மேலால கொட்டுவினம். முன்னால் புத்தகம், பேனை, நகை எல்லாம் பரப்பி வைத்தால் பிள்ளை எதை எடுக்குது என்று பார்க்கிறது. என்ர மகன் எடுத்தது பக்கத்தில் இருந்தவரின்ர போன்.

யாழினிஅம்மா | இரவு 8.35

அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். செய்தே ஆகவேண்டும் என்கிறார். மாவுக்கு வெந்நீரா, கொதிநீரா என்று கேட்கச் சொன்னார்.

குட்டீஸ்_டாக்டர் | இரவு 9.02

கொழுக்கட்டை தலையில் மட்டும். தேங்காய்ச் சொட்டு வாய்க்குள் போகாமல் ஒருவர் பக்கத்திலேயே இருங்கள்.

யாழினிஅம்மா | இரவு 9.06

அதையும் அத்தை முன்னாடியே சொல்லிவிட்டார் டாக்டர்.